பீலி பஸ்ரியனுக்குப் பெட்டி வந்த நாள்

பிக்கப் வாங்கியவனுக்கு வேலை இரண்டு. ஓட்டுவது ஒன்று, அதைக் குறை சொல்வது மற்றது. இரண்டாவது வேலையில், கனடாவில் நாங்கள் இருக்கிற இந்த வோபர்ன் முழுவதிலும் பஸ்ரியனை வெல்ல ஆள் இல்லை.

பஸ்ரியன் வீடுகளுக்குப் பீலி பூட்டுகிறவர். கூரையில் விழுகிற மழையை ஏந்தி நிலத்துக்கு இறக்குகிற அந்தத் தகட்டு வாய்க்காலுக்கு வெள்ளைக்காரன் என்ன பெயர் வைத்திருந்தாலும் நம் ஆட்களுக்கு அது பீலிதான். மன்னாரிலிருந்து வந்த புதிதில் அவர் உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நின்றார். ஒருநாள் ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று யாரோ கூப்பிட்டார்கள். பிடிக்கப் போனவர் ஏறிவிட்டார், அதன்பிறகு வேறு வேலை தேடவில்லை. இன்று பக்கத்து ஊர்களில், மார்க்கத்துப் பெரிய வீடுகளிலும் அஜக்ஸின் புது வீடுகளிலும் இலை அடைத்துத் தண்ணீர் வழிந்தால் பீலி பஸ்ரியனைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அவரிடம் இருப்பது முழு அளவுப் பிக்கப். தமிழ்க் கடை பார்க்கிங்கில் அதை விட்டால் பக்கத்துக் கார்க்காரர் வயிற்றை எக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். "உவன் கம்பனிக்காரனை ஒருநாளைக்கு என்னோடை வேலைக்கு அனுப்பச் சொல்லுங்கோ, அப்ப தெரியும்" என்று பஸ்ரியன் தொடங்கினால் கேட்பவர் நாற்காலி தேடிக்கொள்வது நல்லது. பிக்கப்பின் பின்பக்கத்தில் சாமான் ஏற்றுகிற திறந்த பகுதியை அவர் பெட்டி என்று சொல்வார். தொழில்காரர் எல்லோருமே அப்படித்தான் சொல்கிறார்கள். ஏணியை எடுக்கப் பெட்டிக்குள் ஏற வேண்டும், பெட்டிக்குள் ஏறவோ ஏணி வேண்டும். அது ஒரு முறைப்பாடு. "வரவர ஆக்கள் இருக்கிற பக்கத்தை மாளிகையாக்கிறாங்கள், சாமான் வைக்கிற பெட்டியைத் தொட்டிலாக்கிறாங்கள். நான் என்ன, மாப்பிள்ளை ஊர்வலமோ போறன்?" இது இன்னொன்று. கையுறையோடு திருகக்கூடிய குமிழ்களை எடுத்துவிட்டுக் கண்ணாடித் திரையை வைத்தவனை அவர் மன்னிக்கவே இல்லை. பக்கத்து ஆசனத்தில் அரிசி மூட்டையை வைத்தால் வண்டி பெல்ற் போடச் சொல்லிக் கத்தும். அவரும் போட்டுவிடுவார். சம்பா அரிசி பெல்ற் போட்டுக்கொண்டு மார்க்கம் வீதியில் போனதைக் கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் பார்க்கிங்கின் மூலையில் பிக்கப்காரர் நாலைந்து பேர் கூடுவார்கள். கூரை வேலை செய்கிற றொனால்டுக்குப் பெற்றோல் குடிக்காத எஞ்சின் வேண்டும். பனி தள்ளுகிற ஒருவருக்கு உப்பில் உக்காத தகடு வேண்டும். இன்னொருவருக்குத் தேநீர்க் கோப்பை ஆடாமல் நிற்கிற ஒரு குழி போதும். அரைமணி நேரத்தில், பூசையில் கடவுளிடம் கேட்டதைவிடக் கூடுதலாகக் கம்பனியிடம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஆனால் இந்த வருடம் பஸ்ரியன் ஒரேயொரு குறையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். வண்டியின் உயரம். அதற்குக் காரணம் அவருடைய மனைவி றீற்றா.

பெப்ரவரியில் றீற்றாவுக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்தார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு அது. அவருக்கு இவர், இவருக்கு அவர், அவ்வளவுதான். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று டொக்டர் சொன்ன பிறகும் பஸ்ரியனின் பயம் போகவில்லை. அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை, அவருக்குச் சொல்லவும் தெரியாது. பயத்தைச் சொல்லத் தெரியாதவன் எதையாவது பிடித்துத் திட்டுவான். இவர் பிக்கப்பைத் திட்டினார். நெஞ்செலும்பு நன்றாகப் பொருந்தும்வரை கையால் எதையும் பிடித்து இழுத்து ஏறக்கூடாது என்று றீற்றாவுக்குக் கட்டளை. பிக்கப்பிலோ கைபிடியில் தொங்கினால்தான் ஏறலாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் றீற்றா வேறொருவர் காரில் கோயிலுக்குப் போவார். அந்தக் காருக்குப் பின்னால், ஐந்து பேர் இருக்கக்கூடிய வண்டியில் தன்னந்தனியாகப் பஸ்ரியன் போவார்.

வேலை நாட்களில் கூரைக்குக் கூரை றீற்றாவுக்கு ஃபோன் எடுப்பார்.

"சாப்பிட்டிட்டீரே?"

"இப்பதானேயப்பா கேட்டனீங்கள்."

"அது மற்ற வீட்டுக் கூரையிலை இருந்து கேட்டது."

அந்தக் குரலைக் கேட்டால் போதும், அடுத்த பீலிக்குப் போய்விடுவார்.

மே மாதம் பெட்டியின் அடித்தகடு கைவிட்டது. குளிர்காலத்தில் வீதிக்குக் கொட்டுகிற உப்பு எத்தனையோ வருடமாய் அதைத் தின்றுகொண்டிருந்தது. ஒருநாள் ஏணியை இறக்கி வைத்தபோது ஏணிக்கால் தகட்டைப் பொத்துக்கொண்டு கீழே வீதியை எட்டிப் பார்த்தது. அஜக்ஸில் கராஜ் வைத்திருக்கிற மட்டக்களப்பு அருள்நாயகம் எங்கெங்கோ விசாரித்து, உப்பே படாத அமெரிக்கத் தென்பகுதி வண்டி ஒன்றின் பெட்டியை எடுத்துத் தந்தார். பஸ்ரியனின் வண்டி கடும் நீலம், வந்த பெட்டி வெள்ளை. "நிறத்தையோ நக்கிறது, அடி பலமெண்டால் காணும்" என்றார் பஸ்ரியன். ஒரு கிழமையாக வண்டி அஜக்ஸில் நின்றது, இவர் வீட்டில் நின்றார். சனிக்கிழமை மத்தியானம் ரெயினில் போய் வண்டியை எடுத்து வரலாமென்று அவர் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அன்ரனெற் அக்கா றீற்றாவுக்கு ஃபோன் எடுத்தார்.

அன்ரனெற் அக்கா குருநகர் ஆள், இப்போது மார்க்கத்தில் வீடு. கோயிலில் மரியாயின் சேனைக்குத் தலைவி. ஞாயிற்றுக்கிழமைகளில் றீற்றாவைக் காரில் ஏற்றிப் போகிறவரும் அவர்தான். மனசு தங்கம். ஆனால் அவரிடம் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டால் கோயில் மணி அடிக்கத் தேவையில்லை. பஸ்ரியனை ஏன் ஒரு கிழமையாய் வெளியில் காணோம் என்று விசாரிக்கத்தான் எடுத்தார். றீற்றா மருந்து போட்ட மயக்கத்தில், சோபாவில் சாய்ந்தபடி, ஈனக்குரலில் பதில் சொன்னார்.

"என்னத்தைச் சொல்ல அக்கா, உள்ளுக்கு எல்லாம் உக்கிப்போச்சு. வெளியிலை பாக்கத் தெரியேல்லை. இனி ஒண்டும் செய்யேலாதெண்டு சொல்லிப்போட்டினம்... ஓம், இவருக்குப் பெட்டி எடுத்தாச்சு. வெள்ளைப் பெட்டி. அஜக்ஸிலை இருந்து பின்னேரம் வீட்டை வந்திடும்... என்ன செய்யிறது, எல்லாத்துக்கும் ஒரு காலம் இருக்குத்தானே. எனக்குக் கண்ணைச் சுத்துது, கொஞ்சம் சரியப்போறன் அக்கா."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வாசலில் நின்ற பஸ்ரியன் எல்லாவற்றையும் கேட்டார், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "ஃபோனைச் சத்தமில்லாமல் போட்டிட்டுப் படும்" என்று சொல்லிக் கதவைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார். ஆனால் நம் ஆட்களிடம் 'இவருக்குப் பெட்டி எடுத்தாச்சு' என்று ஒரு பெண் சொன்னால் அவளுடைய புருசனை அதற்குள் வைத்து மூடப்போகிறார்கள் என்றுதான் அர்த்தம். அன்ரனெற் அக்கா பிக்கப் ஓட்டியவர் இல்லையே. "பாவம், அழவும் தெரியாமல் விறைச்சுப்போய்க் கதைக்கிறாள்" என்று அவர் உடனேயே றொனால்டுக்குச் சொன்னாராம். கனடாவில் பெட்டியை மண்டபத்தில்தானே வைப்பார்கள், யார் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று றொனால்ட் கேட்டாராம். "அவை மன்னார்ச் சனம், கேட்டு எடுத்திருப்பினம்" என்று அதற்கும் பதில் வந்ததாம். இதெல்லாம் பிறகு தெரிந்த கதை. அந்த நேரம் பஸ்ரியன் ரெயின் யன்னலோரம் இருந்து புதுப் பெட்டியை நினைத்துக்கொண்டு போனார்.

அஜக்ஸில் வண்டி கழுவித் துடைத்து நின்றது. பெட்டியைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார், குனிந்து அடியைத் தடவினார். எங்கே பிழை பிடிக்கலாம் என்று அவர் தேடிக்கொண்டிருந்தபோது அருள்நாயகம் மற்றப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணன், இஞ்சால வந்து இந்தக் கதவத் திறங்க."

பஸ்ரியன் முன் ஆசனத்துக் கதவைத் திறந்தார். வண்டிக்கு அடியிலிருந்து ஒரு படி மெல்ல இறங்கி வந்து, முழங்காலுக்குக் கீழே நின்றது.

"திறந்தா இறங்கும், பூட்டினா உள்ளுக்குப் போயிரும். பெட்டி கழட்டின வண்டியில இருந்ததுதான். அக்கா கையால ஒண்டையும் பிடிக்கத் தேவையில்ல, வீட்டுப்படி ஏறுற மாதிரி ஏறலாம்."

பஸ்ரியன் இதைக் கேட்டிருக்கவில்லை. வண்டியைக் கொண்டுவந்து விட்ட நாளில், றீற்றா ஏறமுடியாமல் இருப்பதைச் சொல்லி அதன் உயரத்தைத் திட்டியிருந்தார், அருள்நாயகம் அதைக் காதில் போட்டுக்கொண்டிருக்கிறார். பஸ்ரியன் படியில் ஏறினார், இறங்கினார். கதவைப் பூட்டித் திறந்து திரும்பவும் ஏறினார். "தம்பி..." என்றார். இத்தனை வருடம் குறை சொல்லிப் பழகிய வாய்க்கு நல்ல வார்த்தை ஒன்று அவசரத்துக்கு அகப்படவில்லை. அருள்நாயகத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

முதலில் றீற்றாவுக்குச் சொல்ல வேண்டும். ஃபோன் எடுத்தார். மணி அடித்து அடங்கியது. நித்திரை போலிருக்கிறது என்று வண்டியை எடுத்தார். நெடுஞ்சாலையில் ஏறியதும் மறுபடி எடுத்தார், மறுபடியும் அடித்து அடங்கியது. வீதித் திருத்த வேலையால் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. சத்தமில்லாமல் போடச் சொன்னதே தான்தான் என்பது புத்திக்குத் தெரிந்தது, நெஞ்சுக்குத் தெரியவில்லை. பெப்ரவரியில், ஒப்பரேசனுக்கு முன்னால், ஒருநாள் இப்படித்தான் அவர் எடுக்க, றீற்றா எடுக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது சமையலறை நிலத்தில் கிடந்தார். பஸ்ரியன் ஸ்ரியறிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டார்.

அவருடைய தெருவுக்குள் திரும்பினால், தெரு நிறையக் கார்.

எல்லாம் தெரிந்த கார்கள். றொனால்டின் பிக்கப்பும் நின்றது. வீட்டு முன் புல்லில் கறுப்பும் வெள்ளையுமாய்ச் சனம். பாதிப்பேர் முழந்தாளில், கையில் செபமாலை. வீட்டுக் கதவு மட்டும் பூட்டிக் கிடந்தது. 'மணியை அடிச்சுப் போடாதேங்கோ, நெஞ்சு ஒப்பரேசன் செய்த பிள்ளை, நான் வந்து பக்குவமாய் எழுப்பிறன்' என்று அன்ரனெற் அக்கா ஃபோனிலேயே உத்தரவு போட்டுவிட்டுத் தானே நெரிசலில் அகப்பட்டிருந்தார். வந்தவர்கள் அதனால்தான் வெளியிலேயே செபமாலையைத் தொடங்கியிருந்தார்கள். பஸ்ரியனுக்கு அது தெரியாது. இவ்வளவு சனம் தன் வாசலில் எதற்கு முழந்தாளில் நிற்கும் என்பதற்கு அவர் மனதில் ஒரேயொரு பதில்தான் இருந்தது.

வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டுக் குதித்தார். செபம் பாதியில் நின்றது. அத்தனை முகமும் அவரைப் பார்த்தது. றொனால்ட் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுத் தவமணி அன்ரி வாயில் கையை வைத்தபடி, "ஐயோ... பஸ்ரியன்!" என்று குழறினார். செத்தவனைக் கண்ட பயத்தில் குழறினார். பஸ்ரியனுக்கு அது துக்கம் விசாரித்த குரலாகக் கேட்டது. அவருக்கிருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் அதோடு போய்விட்டது.

தலைகீழாய்ப் பிடித்த திறப்பு பூட்டுக்குள் போக மறுத்தது. ஒருவழியாய்த் திறந்து, சப்பாத்தோடு உள்ளே ஓடினார். றீற்றா சோபாவில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். போர்வை நாடிவரை இழுத்து மூடியிருந்தது. பஸ்ரியன் நிலத்தில் விழுந்து அவருடைய தோளைத் தொட்டார்.

"றீற்றா... என்ரை ராசாத்தி..."

றீற்றா ஒரு கண்ணைத் திறந்தார்.

"பெட்டி வந்திட்டுதே?"

பஸ்ரியன் அழுதார். ஆஸ்பத்திரியில் அழாத அழுகை, அதற்கு முன்னாலும் அழாத அழுகை எல்லாம் ஒன்றாய் வந்தது. றீற்றா பதறிப்போய் மெல்ல எழுந்திருந்தார். "என்னப்பா? உந்தப் பெட்டியும் உக்கினதே?" என்று கேட்டார்.

அதற்குள் சனம் வாசலுக்கு வந்துவிட்டது. றொனால்ட் முன்னால் வந்து பஸ்ரியனின் கையைக் கிள்ளிப் பார்த்தார். சூடு இருந்தது. "ஆள் இருக்கிறார்!" என்று வெளியே திரும்பிக் கத்தினார். பிறகு நடந்ததை விபரமாய்ச் சொல்ல முடியாது, எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள், அழுதவர்களே சிரித்தார்கள். கடைசியாய் வெள்ளைச் சேலையில் வந்து இறங்கிய அன்ரனெற் அக்கா, வாசலில் நின்ற பஸ்ரியனைக் கண்டு காரைப் பிடித்துக்கொண்டார். கதை விளங்கியதும் அவருக்கு வந்தது கோபம்.

"பிக்கப் எண்டு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே றீற்றா! பெட்டி பெட்டியெண்டு சொன்னால் மனுசர் என்னத்தை நினைக்கிறது?"

"நீங்கள்தானே அக்கா, இவரை ஏன் காணேல்லை எண்டு கேட்டனீங்கள். நான் காரணத்தைச் சொன்னன்."

அன்ரனெற் அக்கா அதே வேகத்தில் பஸ்ரியனைக் கட்டிப்பிடித்து அழுதார். அவருக்குப் பின்னாலேயே வந்த பங்குச் சுவாமியார், கொண்டுவந்த தீர்த்தம் வீண்போகக்கூடாது என்று வெள்ளைப் பெட்டியை மந்திரித்துத் தெளித்தார்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பதால் வந்தவர்களில் பாதிப்பேர் சாப்பாட்டோடு வந்திருந்தார்கள். இடியப்பம், சொதி, றோல்ஸ், மீன் கறி, தவமணி அன்ரியின் மரக்கறிச் சோறு. வீட்டுக்குள் வைக்க இடம் போதவில்லை. றொனால்ட், நடுத்தெருவில் நின்ற பஸ்ரியனின் பிக்கப்பை வீட்டு முன்னால் கொண்டுவந்து பெட்டியின் பின்கதவை இறக்கிவிட, எல்லாச் சட்டியும் அதன்மேல் ஏறியது. பஸ்ரியன் கையில் தட்டோடு நின்று ஒவ்வொருவராய்ப் பார்த்தார். மார்க்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது, அவர்களுக்கு அவர் ஒரேயொரு தடவைதான் பீலி பூட்டியிருந்தார். வேலையை இடையில் விட்டு உடுப்பும் மாற்றாமல் ஒருவர் வந்திருந்தார். தனக்கு உறவென்று ஆர் இருக்கினம் என்று ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து யோசித்த இரவுகள் பஸ்ரியனுக்கு ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோசமாக இருந்தது.

"என்னைப் பாக்கவோ அன்ரி இவ்வளவு சனமும்?" என்று தவமணி அன்ரியிடம் கேட்டார்.

"பின்னை? விசர்க் கதை கதையாமல் சோத்தைத் தின்னும்" என்றார் அன்ரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வெயில் சாயத் தொடங்கியபோது பஸ்ரியன் றீற்றாவை வெளியே கூட்டிவந்து வண்டிக் கதவைத் திறந்தார். படி இறங்கியது. றீற்றா அதைப் பார்த்தார், பஸ்ரியனைப் பார்த்தார். இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்தபடியே ஏறி ஆசனத்தில் இருந்தார். அருள்நாயகம் போட்டது என்று பஸ்ரியன் சொன்னதும், "அந்தத் தம்பிக்கு நான் ஒரு நண்டுக்கறி காய்ச்ச வேணும்" என்றார். பஸ்ரியன் மற்றப் பக்கத்தால் ஏறிக் கதவைச் சாத்தினார். எங்கேயும் போகவில்லை. பெட்டியில் சனம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வண்டியை எடுக்க முடியுமா? சும்மா இருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே சத்தம் குறைவாய்க் கேட்டது.

"இஞ்சருங்கோ, ஒண்டு கேக்கட்டே?" என்றார் றீற்றா.

"கேளும்."

"அவையள் அழுததிலை நியாயம் இருக்கு. நீங்கள் செத்துப்போனியள் எண்டு நினைச்சவை. நீங்கள் சாகேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. பிறகு நீங்கள் ஏன் அழுதனீங்கள்?"

எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதையில் இதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பஸ்ரியன் ஸ்ரியறிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபோன் எடுத்தன், நீர் எடுக்கேல்லை. வந்து பாத்தால் வாசலிலை சனம். கதவு பூட்டிக் கிடந்தது."

றீற்றா கையை நீட்டி அவருடைய கையின்மேல் வைத்தார்.

"எனக்கெண்டே நினைச்சனீங்கள்?"

"ஓம்."

"எனக்கு இவ்வளவு சனம் வராதப்பா."

"வரும். இப்ப வரவேண்டாம்."

றீற்றா சிரித்தார். சிரிக்க நெஞ்சு நொந்தது, நோவோடு சிரித்தார். நம் ஆட்களில் மனைவிக்கு நன்றி சொல்கிற வழக்கம் கிடையாது. சொன்னால் என்ன நடந்ததென்று பயந்துவிடுவார்கள். பஸ்ரியனும் கட்டிய நாளிலிருந்து சொன்னதில்லை. அன்றைக்கு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைக்காரரிடம் சொல்வது போல மரியாதையாகச் சொன்னார்.

"பெரிய உபகாரம் றீற்றா."

"என்னத்துக்கு?"

"கண் முழிச்சதுக்கு."